மின்சார வண்டிகளும் பொது மின்னேற்ற நிலையங்களும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து போடிநாயக்கனூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சிறிது உள்ளே தள்ளி அமைந்துள்ள மலையூர் சூரியநெல்லி. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் வேலை செய்வோரிற் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கொழுக்குமலைக்குச் செல்ல வேண்டுமாயினும், வண்டிப்பாதை சூரியநெல்லி வழியாகத்தான் உண்டு. ஆதலின் இரு மாநிலத்து வண்டிகளும், பல கம்பெனிகளின் வண்டிகளும் இவ்வூரிற் கூடுகின்றன.

பெட்ரோலால் ஓடும் வண்டிக்கு இதனால் இடர்ப்பாடு ஏதுமில்லை. எந்தக் கம்பெனி செய்த மோட்டாராயினும், எந்தப் பங்கில் நிறுத்தினாலும் எண்ணெய் கிடைக்கும். குழாயின் வாய் வண்டியின் பெயரைக் கேட்பதில்லை. மின்சாரத்தால் ஓடும் வண்டியின் நிலை அவ்வளவு எளிதன்று. மின்னேற்ற நிலையம், அதாவது வழக்கில் சார்ஜிங் ஸ்டேஷன் எனப்படுவது, கண்ணெதிரே இருந்தும், அதில் மின்சாரம் இருந்தும், வண்டி வெறும் பாட்டரியோடு நிற்க நேரலாம். சமவெளியில் இவ்வாறு நேர்ந்தால் அடுத்த தெருவிலுள்ள நிலையத்தை நாடலாம். மலைப்பாதையில் அடுத்த நிலையம் ஒரு கணவாய்க்கு அப்பால் இருக்கக்கூடும். எனவே, ஒரு நிலையத்தைப் பலவகை வண்டிகளும் பகிர்ந்துகொள்ளுதல் என்பது இப்பகுதியில் வசதியைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. வண்டி ஊர் போய்ச் சேருமா சேராதா என்பதைப் பற்றியதாகும்.

பகிர்ந்துகொள்ளுதல் என்பது மூன்று உடன்பாடுகளைப் பொறுத்தது. கன்னின் வடிவம் ஒன்றாயிருத்தல் முதலாவது. நிலையமும் வண்டியும் கம்பி வழியே பேசிக்கொள்ளும் முறை ஒன்றாயிருத்தல் இரண்டாவது. கட்டணக் கணக்கு ஒன்றோடொன்று பொருந்துதல் மூன்றாவது. கம்பியின் முனையிலுள்ள கைப்பிடியோடு கூடிய செருகியை நிலைய ஊழியர்கள் 'கன்' என்றே வழங்குவதால், இங்கும் அச்சொல்லே கொள்ளப்படுகிறது. முதல் உடன்பாடு கண்ணுக்குத் தெரிவதாதலின் பொதுமக்கள் அதனையே முழுவதும் என எண்ணிவிடுகின்றனர்.

சுமை மாற்றிய பழைய பாதை

வெவ்வேறு அமைப்புகள் பொருந்தாதபோது நேரும் வீண் செலவை இம்மலைநாடு முன்னரே அறியும். மூணாற்றுத் தேயிலை கடற்கரைக்குச் செல்வதற்கு, 1902-இல் குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அது இரட்டைத் தண்டவாளமுள்ள குறும்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின்கள் ஓடலாயின. ஆயினும் அப்பாதை டாப் ஸ்டேஷன் எனப்படும் மலை விளிம்போடு முடிந்துவிட்டது. அங்கே பெட்டிகளை இறக்கி, கம்பிவடத்தில் தொங்கவிட்டு, கீழே குரங்கணிப் பக்கமுள்ள கொட்டகுடிக்கு அனுப்பினர். அங்கே மறுபடியும் இறக்கி வண்டியில் ஏற்றிப் போடிநாயக்கனூருக்குக் கொண்டுசென்றனர். ஒரே பெட்டி, ஒரே தேயிலை. ஆனால் அமைப்பு மாறும் ஒவ்வோரிடத்திலும் கூலியும் காலமும் செலவாயின. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அக்குறும்பாதை அழிந்தது. பின்னர் அது மீண்டும் போடப்படவில்லை.

மின்சாரத்தில் இத்தகைய தொல்லை பெரும்பாலும் தீர்க்கப்பட்டுவிட்டது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது; கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுவே. அந்நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தில் எரியும் விளக்கு, நெய்வேலி நிலக்கரியின் மின்சாரத்திலும் எரியும். வீடுகளுக்கு 230 வோல்ட், வினாடிக்கு 50 சுழற்சி என்று நாடு முழுவதும் ஒரே அளவு கொள்ளப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். இவ்வுடன்பாடு வீட்டுச் சுவரிலுள்ள பிளக் வரையில் வந்து நின்றுவிட்டது. சுவருக்கும் வண்டியின் பாட்டரிக்கும் இடைப்பட்ட சில முழத் தூரத்தில்தான் இப்போதைய சிக்கல்கள் யாவும் இருக்கின்றன.

மாறு மின்னோட்டமும் நேர் மின்னோட்டமும்

மின்கம்பத்திலிருந்து வருவது மாறு மின்னோட்டம். பாட்டரியோ நேர் மின்னோட்டத்தை மட்டுமே ஏற்றுச் சேமிக்கும். ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி இடையில் எங்கேனும் இருத்தல் வேண்டும். அக்கருவியை வண்டிக்குள்ளேயே வைக்கலாம். அல்லது நிலையத்தில் வைக்கலாம்.

வண்டிக்குள் வைப்பதாயின் அது சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். அதனால் ஏற்றும் வேகமும் குறைகிறது. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் கிடைக்கும். 30 யூனிட் கொள்ளும் பாட்டரியை நிரப்ப ஓர் இரவு முழுவதும் செல்லும். நிலையத்தில் வைப்பதாயின் கருவி அலமாரி போலப் பெரிதாயிருப்பினும் குற்றமில்லை. 50 கிலோவாட் திறனுள்ள கருவி அதே பாட்டரியின் பெரும்பகுதியை ஒரு மணிக்குள் நிரப்பிவிடும். முன்னது மெதுவேற்றம், பின்னது விரைவேற்றம்.

மெதுவேற்றத்தில் நிலையத்தின் பொறுப்பு சிறிது. அது மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. மற்றவற்றை வண்டியிலுள்ள கருவி பார்த்துக்கொள்கிறது. எனவே பல கம்பெனி வண்டிகளும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வது இதில் எளிது. விரைவேற்றத்தில் நிலையத்திலுள்ள கருவி வண்டியின் பாட்டரியோடு நேரே இணைகிறது. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எப்பொழுது நிறுத்துவது என்பவற்றை அது அறியாமற் போனால் பாட்டரி கெடும்; தீப்பற்றவுங்கூடும். ஆதலின் வண்டியும் நிலையமும் ஒன்றையொன்று அறிந்து நடத்தல் இன்றியமையாததாகிறது.

ஐந்து கன்கள் ஒன்றான வரலாறு

2017-ஆம் ஆண்டில், மத்திய அரசின் பொதுத்துறையைச் சார்ந்த இ.இ.எஸ்.எல். நிறுவனம் அரசாங்க இலாகாக்களின் உபயோகத்திற்காகப் பதினாயிரம் மின்சாரக் கார்களுக்கு டெண்டர் விட்டது. டாட்டா, மஹிந்திரா ஆகிய கம்பெனிகள் வண்டிகளை அளிக்க முன்வந்தன. அன்றைய வண்டிகளின் பாட்டரி 72 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தத்தில் இயங்கியது. அவற்றிற்கென்று பாரத் டி.சி.-001, பாரத் ஏ.சி.-001 என இரு முறைகள் வகுக்கப்பட்டன. முன்னதன் கன், சீன நாட்டு நியமத்தைத் தழுவியது. அதன் உச்சத் திறன் 15 கிலோவாட்.

அவ்வேளையில் உலகின் ஏனைய பாகங்களில் வேறு வேறு கன்கள் வழங்கிவந்தன. ஜப்பானியக் கம்பெனிகள் 2010-இல் சங்கமாகச் சேர்ந்து சாடெமோ என்னும் முறையைப் பரப்பின. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வெளியிட்ட ஆணையொன்றால், மெதுவேற்றத்திற்கு டைப்-2 என்பதையும், விரைவேற்றத்திற்கு அதனோடு இரு பெருமுனைகளைச் சேர்த்த சி.சி.எஸ்.-2 என்பதையும் பொதுவாகக் கொண்டது. அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி தனக்கென்று ஒரு கன்னை வைத்துக்கொண்டிருந்தது.

நம் மத்திய மின்சார அமைச்சகம் 2018 டிசம்பர் 14-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், பொது நிலையம் ஒவ்வொன்றும் எவ்வகை வண்டிக்கும் உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தால், சி.சி.எஸ்., சாடெமோ, டைப்-2, பாரத் டி.சி., பாரத் ஏ.சி. ஆகிய ஐவகைகளும் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. நோக்கம் சிறந்ததே. ஆனால் விளைவு வேறாயிற்று. ஐந்து கன்னுக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றைத் தாங்கும் பெரிய மின் இணைப்பும் வேண்டியிருந்தது. சாடெமோ கன்னைத் தேடி வரும் வண்டியோ நம் சாலைகளில் மிக அரிது. எவருக்கும் பயன்படாத கன்னைச் சுமக்கும் நிலையத்தைப் பொது நிலையம் என்று சொல்வது பொருந்தாது. 2019 அக்டோபர் முதல் நாள் அந்நெறிகள் திருத்தப்பட்டு, எக்கன்னை வைப்பது என்பதை நிலையத்தாரே தேவையறிந்து முடிவு செய்யலாம் எனத் தளர்த்தப்பட்டது.

இதற்கிடையே வண்டிகளே வழக்கைத் தீர்த்து வைத்தன. 2019-இல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா, 2020 ஜனவரியில் வந்த எம்.ஜி. இஸட்.எஸ்., அதே மாதம் வந்த 30.2 யூனிட் பாட்டரியுள்ள டாட்டா நெக்ஸான் ஆகிய மூன்றும் சி.சி.எஸ்.-2 முறையையே கைக்கொண்டன. பின்னர் வந்த கார்களும் பெரும்பாலும் அவ்வழியையே பின்பற்றின. இந்திய நியமங்கள் நிறுவனமும் ஐ.எஸ். 17017 என்னும் வரிசையில் டைப்-2, சி.சி.எஸ்.-2 இரண்டிற்கும் நியமம் வகுத்தது. இன்று கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ புதிதாக நான்கு சக்கர மின்சார வண்டி வாங்குபவர், ஏறத்தாழ எந்த விரைவேற்ற நிலையத்திலும் தம் வண்டிக்கேற்ற கன்னைக் காண்பார்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எல்லாக் கன்னையும் ஓரிடத்தில் வைப்பது ஒருவகைப் பகிர்வு. எல்லோரும் ஒரு கன்னுக்கு இசைவது மற்றொரு வகைப் பகிர்வு. முதலாவது செலவு மிக்கது. தற்காலத்திற்கு மட்டும் உதவுவது. இரண்டாவது மலிவானது, ஆனால் பின்தங்கிய சிலரைக் கைவிடுவது. பாரத் டி.சி. கன்னை நம்பி வாங்கப்பட்ட பழைய வண்டிகள் இன்று அவ்வாறே கைவிடப்பட்டவையாக, மெதுவேற்றத்தையே நாடுகின்றன. நியமம் தாமதமாக வந்ததற்கு அவற்றின் உடைமையாளர் கொடுக்கும் விலை அது.

அமெரிக்காவிலும் இவ்வழக்கு இருவகையாகவும் நடந்தது. டெஸ்லா 2021 நவம்பரில் நெதர்லாந்திலுள்ள பத்து நிலையங்களைப் பிற கம்பெனி வண்டிகளுக்குச் சோதனையாகத் திறந்துவிட்டது. 2023 மே மாதத்தில் ஃபோர்டு கம்பெனி, தன் வண்டிகள் வட அமெரிக்காவில் டெஸ்லா நிலையங்களை உபயோகிக்கும் என அறிவித்தது. ஏனைய கம்பெனிகள் பல தொடர்ந்தன. தனி ஒருவர் கன்னாயிருந்தது அங்கே பொதுக் கன்னாக மாறிவிட்டது.

கம்பி வழியே பேச்சு

டைப்-2 கன்னை எதிரே பிடித்து நோக்கினால் ஏழு முனைகள் தெரியும். மூன்று கட்டங்களுக்கு மூன்று, நடுநிலைக்கு ஒன்று, நிலத்தொடர்புக்கு ஒன்று. எஞ்சிய சிறு முனைகள் இரண்டும் வண்டியை ஓட்டும் சக்தியைக் கொண்டுவருபவை அல்ல. அவை செய்திக்கு உரியவை. ஆசிரியர்கள் இப்படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது மாணவர்க்கு மிக உதவும்.

செய்தி முனைகளுள் ஒன்றின் வழியே நிலையம் 12 வோல்ட் அழுத்தத்தைக் காட்டி நிற்கிறது. கன் வண்டியிற் செருகப்பட்டதும், வண்டியிலுள்ள மின்தடை அவ்வழுத்தத்தை 9 வோல்ட்டாகத் தாழ்த்துகிறது. வண்டி வந்துவிட்டது என்று நிலையம் இதனால் அறிகிறது. பின்னர் வினாடிக்கு ஆயிரம் துடிப்புகளை அது அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் உயர்ந்து நிற்கும் நேரத்தின் அளவே செய்தி. நூற்றுக்கு ஒரு பங்கு நேரம் என்பது 0.6 ஆம்பியரைக் குறிக்கும். அஃதாவது, துடிப்பு நூற்றுக்கு 27 பங்கு நேரம் உயர்ந்து நின்றால், 'நீ 16 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம்' என்பது பொருள்; 53 பங்காயின் ஏறத்தாழ 32 ஆம்பியர். வண்டி ஆயத்தமானதும் அழுத்தத்தை 6 வோல்ட்டாகத் தாழ்த்துகிறது. அதன் பின்னரே நிலையத்தின் சுவிச்சு மூடி மின்சாரம் பாயத் தொடங்கும். கன்னைக் கையில் ஏந்தி நிற்பவருக்கு அதிர்ச்சி நேராதிருப்பது இவ்வேற்பாட்டினால்தான். நிலத்தொடர்பு சரியில்லாத இடத்தில் பல கருவிகள் மின்சாரம் தர மறுப்பதும் பாதுகாப்பைக் கருதியே. அதனைக் கருவியின் பழுதென்று எண்ணுதல் கூடாது. தோட்டத்துப் பழைய லயங்களில் மின் இணைப்பைச் சோதிக்கும் ஊழியர் முதலில் காண வேண்டியது நிலக்கம்பியையே.

விரைவேற்றத்திற்கு இவ்வளவு சுருக்கமான பேச்சுப் போதாது. துடிப்பு நூற்றுக்கு ஐந்து பங்காகச் சுருங்கினால், 'இனி விரிவாகப் பேசுவோம்' என்பது குறிப்பு. சி.சி.எஸ். முறையில் அதே செய்திக் கம்பியின்மேல் உயர் அதிர்வெண் அலைகளாக இலக்கச் செய்திகள் செல்கின்றன. பாரத் டி.சி., சாடெமோ ஆகியவை தனிக் கம்பிகளின் வழியே வேறொரு முறையிற் பேசுகின்றன. பாட்டரியின் வெப்பநிலை, அழுத்தம், வேண்டும் மின்னோட்டம் ஆகியவற்றை வண்டி இடைவிடாது கூறிக்கொண்டிருக்கிறது. நிலையம் அக்கட்டளைக்குப் பணிந்து நடக்கிறது. இங்கே தலைமை வண்டிக்கே உரியது.

ஒரு கன்னுக்கு மறு கன்னின் வடிவைத் தரும் இடையிணைப்பு ஏன் எல்லாவற்றிற்கும் மருந்தாகாது என்பது இதனால் விளங்கும். வடிவத்தை மாற்றுவது எளிது. மொழியை மாற்றுவதற்குள்ளே மொழிபெயர்ப்பவன் ஒருவன் இருத்தல் வேண்டும். சந்தையில் விலை மலிவாகக் கிடைக்கும் இடையிணைப்புகளை விரைவேற்றத்திற்கு உபயோகித்தல் ஆபத்தானது. வீட்டிலேயே கம்பிகளை முறுக்கிச் செய்துகொள்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

கன் பொருந்தியும், மொழி ஒன்றாயிருந்தும், பேச்சு முறிந்துபோவதுண்டு. ஒரே நியமத்தை இரு கம்பெனிகள் சிறிது வேறுபடப் புரிந்துகொள்வதே அதற்குக் காரணம். பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்ட சாரின் என்னும் சங்கம், பல கம்பெனிகளின் வண்டிகளையும் கருவிகளையும் ஓரிடத்திற் கூட்டி ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் சோதனைக் கூட்டங்களை நடத்திவருகிறது. ஊரின் நிலையத்தில் ஏற்றம் தொடங்காதபோது, கன்னை எடுத்து, வண்டியைப் பூட்டித் திறந்து, மீண்டும் செருகினால் சில சமயம் சரியாகிவிடுவது, பேச்சு முதலிலிருந்து தொடங்குவதால்தான்.

இரு சக்கர வண்டிகள்

மலையூர்களிற் கார்களைவிட ஸ்கூட்டரும் ஆட்டோவுமே எண்ணிக்கையில் மிகுதி. இவற்றிற்கு விரைவேற்றக் கன் நெடுங்காலம் பொதுவாக அமையவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிக்கென்று ஒரு வாயை அமைத்துக்கொண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி, ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் ஏதர் கம்பெனி, 2021 ஆகஸ்டில் தன் கன்னின் அமைப்பைப் பிறரும் கையாளலாம் என வெளியிட்டது. ஹீரோ கம்பெனி 2022 அக்டோபரில் வெளியிட்ட விடா ஸ்கூட்டருக்கு அதையே கொண்டது. 2023 டிசம்பரில் இரு கம்பெனிகளின் விரைவேற்ற நிலையங்களும் இருவகை வண்டிகளுக்கும் பொதுவென்று அறிவிக்கப்பட்டது. அதற்குச் சிறிது முன், அவ்வாண்டு அக்டோபரில், மெதுவேற்றத்தையும் விரைவேற்றத்தையும் ஒரே கன்னிற் கொண்ட இலகு வண்டி நியமத்தை இந்திய நியமங்கள் நிறுவனம் வெளியிட்டது. ஐ.எஸ். 17017 வரிசையில் இரண்டாம் பாகம், ஏழாம் பிரிவு என்பது அதன் எண். இந்நாட்டிலேயே உருவான நியமம் அது. எனினும் அதனை ஏற்பது கம்பெனிகளின் விருப்பத்தைப் பொறுத்ததேயாகும். வேறு கன்னுடைய ஸ்கூட்டர்களும் விற்பனையில் உள்ளன.

கேரள மாநில மின்சார வாரியம் வேறொரு வழியை மேற்கொண்டது. 2020 நவம்பரில் நகரங்களிற் கார்களுக்கான நிலையங்களைத் தொடங்கிய அவ்வாரியம், 2021-இல் கோழிக்கோட்டில் சாலையோர மின்கம்பங்களிலேயே சிறு மின்னேற்றிகளைப் பொருத்திச் சோதித்தது. பின்னர் மாநிலமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களில் அவை அமைக்கப்பட்டன. இவை இரு சக்கர, முச்சக்கர வண்டிகளுக்கானவை, திறன் சிறிது, மெதுவேற்றம் மட்டுமே உண்டு. புதிய நிலம் வேண்டுவதில்லை, புதிய மின்பாதை வேண்டுவதில்லை. விரைவு குறைந்தாலும் வண்டியின் பெயரைக் கேளாத எளிமை இதற்குண்டு. தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து மாலை வரை வண்டியை நிறுத்திவைப்பவருக்கு விரைவு எதற்கு?

கணக்கு என்னும் மூன்றாம் பூட்டு

மத்திய மின்சார அமைச்சகம் 2018 ஏப்ரலில் ஒரு விளக்கம் அளித்தது. வண்டிக்கு மின்னேற்றுதல் மின்சார விற்பனை ஆகாது. அது ஒரு சேவை. ஆதலின் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி லைசென்சு வேண்டுவதில்லை என்பது அதன் சாரம். நிலையங்கள் விரைந்து பெருகியதற்கு இது பெரிதும் உதவிற்று. ஹோட்டல்காரரும் கடைக்காரரும் நிலையம் வைக்கலாயினர். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு செல்பேசிச் செயலியையும், அதில் முன்பணம் கட்டிவைக்கும் பையையும் ஏற்படுத்திக்கொண்டது. கொச்சியிலிருந்து போடி வரை செல்பவர் நான்கைந்து செயலிகளை வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் சிறு தொகை தேங்கிக் கிடக்கிறது.

மேலும், கன்னைத் திறந்துவிடும் கட்டளை செல்பேசியிலிருந்து தொலைவிலுள்ள கணிப்பொறிக்குச் சென்று, அங்கிருந்து நிலையத்திற்குத் திரும்பி வர வேண்டும். மலைச்சரிவில் அலை எட்டாத இடங்கள் பல. கன் பொருந்தி, மொழி பொருந்தி, மின்சாரமும் இருக்க, செல்பேசி அலையில்லாமையால் வண்டி நிற்பது இப்பாதைகளுக்கே உரிய துன்பம்.

இதற்கும் உடன்பாடுகள் உண்டு. நிலையத்துக் கருவியும் அதை நிர்வகிக்கும் கணிப்பொறியும் பேசுவதற்கு நெதர்லாந்தில் தோன்றிய ஓ.சி.பி.பி. என்னும் முறை இந்தியாவிலும் வழங்குகிறது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு, இரு நிறுவனங்களும் பின்னர்க் கணக்குத் தீர்த்துக்கொள்வதற்கு ஓ.சி.பி.ஐ. என்னும் முறை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, புதிய விரைவேற்ற நிலையங்கள் அங்கத்தினரல்லாதாரிடமும் வங்கி அட்டை வழியே கட்டணம் பெற்று மின்னேற்ற வேண்டும். முன்பதிவும் செயலியும் வேண்டுமானால் இருக்கலாம்; அவை இல்லாதவரைத் திருப்பி அனுப்புதல் கூடாது. நம் நாட்டில் தேநீர்க் கடையிலும் யு.பி.ஐ. கட்டம் ஒட்டியிருக்கிறது. மின்னேற்ற நிலையத்தில் மட்டும் முன்பணப் பை எதற்கு என்று வண்டி ஓட்டுவோர் கேட்பது நியாயமே. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அத்தொகையிற் கட்டப்படும் நிலையங்களிலேனும் இப்பூட்டு இல்லாதிருத்தல் நலம்.

ஏற்றத்தின் கணக்கும் காத்திருக்கும் வரிசையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு 1,600 கிலோகிராம் எடையுள்ள காரை இவ்வுயரத்திற்குத் தூக்க வேண்டிய சக்தி எவ்வளவு? எடை 1,600, புவியீர்ப்பு 9.8, உயரம் 1,000. மூன்றையும் பெருக்கினால் 1,56,80,000 ஜூல் வரும். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஆகவே 4.4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மோட்டாரின் விரயத்தைச் சேர்த்தால் 5 யூனிட் எனக் கொள்ளலாம். சாலையில் உருளுவதற்கான செலவு இதற்கு மேற்பட்டது. 30 யூனிட் பாட்டரியில் ஆறில் ஒரு பங்கு உயரத்திற்கே போய்விடுகிறது. எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க கணக்கு இது.

இறங்கும்போது வண்டி இச்சக்தியில் ஏறக்குறைய பாதியைத் திரும்பப் பெறுகிறது. சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பாட்டரியை நிரப்புகிறது. வண்டியின் வேகமும் அதனால் அடங்குகிறது. ஆனால் நிறைந்த பாட்டரியில் இதற்கு இடமில்லை. சூரியநெல்லியில் நூற்றுக்கு நூறு ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்குபவர், திரும்பக் கிடைக்கக்கூடிய மின்சாரத்தை இழக்கிறார். சக்கரப் பிரேக்கையும் வீணே தேய்க்கிறார். மேலும், பாட்டரி நூற்றுக்கு எண்பது நிரம்பியபின் அதன் பாதுகாப்பைக் கருதி ஏற்றும் வேகம் வெகுவாகத் தாழ்கிறது. கடைசி இருபது பங்குக்குச் செலவாகும் நேரத்தில் மற்றொரு வண்டி தன் தேவையில் பெரும்பகுதியை ஏற்றிக்கொள்ளலாம். பொது நிலையத்தின் பெரும் பகை இதுவே: ஏற்றம் முடிந்தும் இடத்தை விடாத வண்டி.

இரு கன்னுடைய கருவிகள் பலவற்றில் 60 கிலோவாட் என எழுதியிருப்பினும், இரு வண்டிகள் ஒருங்கே நின்றால் தலைக்கு முப்பதாகப் பிரிவதுண்டு. இரண்டாவதாக வந்தவர் கருவி பழுதென்று எண்ணிப் புகார் எழுதுவதும் உண்டு. பிரிவு முறை கருவியின்மேலேயே எழுதப்பட்டிருந்தால் அப்புகார் எழாது.

நிலையத்தைப் பார்வையிடும் ஊழியர், கன்னின் வகை, அதன் கிலோவாட், ஏற்கும் கட்டண முறை ஆகிய மூன்றும் தமிழிலும் மலையாளத்திலும் பலகையில் உள்ளனவா என்று காண வேண்டும். செல்பேசி அலை இல்லாதபோது நிலையத்தைத் திறக்கும் அட்டை முறை உண்டா என்பதையும், முடிந்தால் செல்பேசியை அணைத்துவைத்துத் தாமே ஒருமுறை ஏற்றிப் பார்த்து அறிதல் வேண்டும். கன் வெயிலிலும் மழையிலும் தரையில் கிடக்கவிடாமல் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கிறதா என்பது சிறு விஷயமாயினும், ஈரம் புகுந்த கன்னே இம்மலைச் சாரலில் முதலிற் கெடுகிறது. மூணாற்றுப் பக்கம் ஏறுபவருக்கும் போடிப் பக்கம் இறங்குபவருக்கும் வேண்டிய அளவு வேறாதலின், இறங்குபவர் நூற்றுக்கு எண்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதைப் பலகையின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்து எழுதுவித்தல் தகும்.